பிரசிடெண்டம்மா கையில் டோக்கன்: ஊராட்சி டிஜிட்டல் கையொப்பம் யாருக்குப் பொருந்துகிறது?

பார்த்தால் பென் டிரைவ் என்றுதான் நினைப்பீர்கள். கட்டைவிரல் நீளம், ஒரு மூடி, கயிறு கோக்க ஒரு ஓட்டை. ஊராட்சி அலுவலகங்களில் இதை டோக்கன் என்பார்கள், டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்) என்பார்கள், சிலர் வெறும் ‘கீ’ என்பார்கள். நிதிக்குழு மானியத்திலிருந்து ஒரு ரூபாய் வெளியே போக வேண்டுமென்றாலும் இதைக் கணினியில் செருகிப் பின் நம்பர் தட்டியாக வேண்டும். பேனாவும் செக் புத்தகமும் செய்த வேலை இப்போது இதன் தலையில்.

இந்த மதிப்பீடு டோக்கனுக்கும், அதை வைத்து ஓடும் இ-கிராம் ஸ்வராஜ் (ஊராட்சிக் கணக்குத் தளம்) – பிஎஃப்எம்எஸ் (அரசுப் பணத்தை வங்கிக் கணக்குக்கு அனுப்பும் அமைப்பு) பணப்பட்டுவாடா சேவைக்கும் சேர்த்து. பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சியில் ஜெயித்து வந்தவர் யார் தயவும் இல்லாமல் தன் கையால் இதைப் பயன்படுத்த முடியுமா என்பதுதான் அளவுகோல். கணினிக் கடைக்காரர் பார்க்கும் வேகமும் விலையும் இரண்டாம்பட்சம்.

முதலிலேயே சொல்லிவிடலாம்: பூட்டு நல்ல பூட்டு. சாவி யார் மடியில் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவர், ஆங்கிலம் வாசிப்பவர், சொந்தமாக ஒரு செல்போன் எண் வைத்திருப்பவர், காலை பத்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப முடிந்தவர் என்று ஒரு ஆளை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு இது. அந்த நாற்காலியில் உட்காருகிறவர் பல ஊர்களில் அந்த ஆள் இல்லை.

யார் வருகிறார்கள்

73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. பெண்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு என்றது அது. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி முதல் தேர்தல் 1996இல் நடந்தது. 2016இல் மாநிலம் பெண்கள் பங்கைப் பாதியாக உயர்த்தியது. 2019, 2021 தேர்தல்களில் கிராம ஊராட்சிகள் 12,525. ஆக, தலைவர் நாற்காலியில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் உட்கார்ந்தார்கள்.

வாசல் அகலமானது. 2019 தேர்தலில் தலைவர் பதவிக்கு டெபாசிட் 600 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 300. செலவு உச்சவரம்பு 34,000 ரூபாய் (காகிதத்தில்தான், ஓட்டுக்கு முந்தின இரவில் நடப்பதற்கு உச்சவரம்பு ஏது). கிராம ஊராட்சியில் கட்சிச் சின்னமும் கிடையாது. அதனால்தான் விருதுநகர் மாவட்டம் கான்சாபுரத்தில் அதே ஊராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர் தலைவராக வர முடிந்தது. 2021இல் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் பொறியியல் படித்து முடித்த இளம்பெண் ஜெயித்தார். பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டத்தில் சிவந்திப்பட்டியில் 90 வயது மூதாட்டி ஜெயித்தார். மூன்று பேர் கையிலும் போய்ச் சேருவது ஒரே டோக்கன்தான்.

பத்திரிகைகள் இந்த மூன்று மாதிரியையும் கொண்டாடும். ஊர் ஊராகப் பார்த்தால் அதிகம் தென்படுவது வேறு மூன்று மாதிரி. கூலி வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்க்கொண்டிருந்து, தனித்தொகுதி என்பதால் நிற்க வைக்கப்பட்டவர். மகளிர் சுயஉதவிக் குழுவில் ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ பத்துப் பன்னிரண்டு வருஷம் கணக்குப் பார்த்து, அந்தப் பழக்கத்தில் மேலே வந்தவர். பழைய பிரசிடெண்ட் அல்லது காண்டிராக்டர் வீட்டிலிருந்து, ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் வேட்புமனுவில் பெயர் ஏறியவர். டோக்கன் இந்த மூவரிடமும் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். படிப்பை விட, பணத்தை விட, இதற்கு முன் ஒரு கணக்கில் தன் பெயரில் கையெழுத்துப் போட்டுப் பழகியிருக்கிறாரா என்பதுதான் இதில் பேசுகிறது.

டப்பாவுக்குள் என்ன

ஈபாஸ், ப்ராக்ஸ்கீ என்று சில பிராண்டுப் பெயர்களில் டோக்கன் வருகிறது; வித்தியாசம் பெரிதாக இல்லை. உள்ளே ஒரு சிப். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் கீழ் உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனங்களில் ஒன்று, உங்கள் பெயரில் கொடுக்கும் மின்சான்றிதழ் அந்தச் சிப்பில் உட்காரும். 2021 ஜனவரியிலிருந்து வகுப்பு 2 சான்றிதழ் நிறுத்தப்பட்டு, வகுப்பு 3 மட்டுமே. கையொப்பச் சாவி டோக்கனுக்குள்ளேயே உருவாகி உள்ளேயே கிடக்கும். அதை நகலெடுக்க முடியாது, வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது. தொலைந்தால் தொலைந்ததுதான், பழையதை ரத்து செய்து புதுச் சான்றிதழ் வாங்க வேண்டும். இந்த வகையில் இது செக் புத்தகத்தைவிட எவ்வளவோ மேல். வெற்றுச் செக்கில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழைய வித்தை இதில் நடக்காது. அதற்குப் பதிலாக டோக்கனையே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

சான்றிதழின் ஆயுள் ஒன்று, இரண்டு அல்லது மூன்று வருஷம். ஊராட்சிப் பதவிக்காலம் ஐந்து. விற்பவர்கள் வழக்கமாகக் கையில் கொடுப்பது இரண்டு வருஷச் சான்றிதழ். அப்படி வாங்கினால் ஒரே பதவிக்காலத்தில் மூன்று தடவை இந்தப் படலம் முழுவதையும் ஓட்ட வேண்டும். முதலில் மூன்று வருஷம், பிறகு இரண்டு வருஷம் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு தடவையில் முடிந்துவிடும். காலாவதித் தேதியை அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டி வைப்பது நல்லது. மார்ச் மாதக் கடைசியில் பில் போட உட்காரும்போதுதான் சான்றிதழ் செத்துப்போன விஷயம் தெரியவரும். அந்த வாரத்தில் தளமும் நத்தை வேகத்தில்தான் நகரும்.

பெயரில் தொடங்கும் சிக்கல்

சான்றிதழ் வாங்க ஆதார், பான், செல்போன் எண், மின்னஞ்சல் வேண்டும். ஆண் தலைவருக்கு இது அரைநாள் வேலை. பெண்ணுக்கு ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறது என்று பார்ப்போம்.

முருகன் மகள் லட்சுமி, செல்வத்தைக் கட்டிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சான்றிதழில் மு. லட்சுமி. வாக்காளர் பட்டியலில் லட்சுமி, கணவர் பெயர் செல்வம். தேர்தலில் ஜெயித்ததற்குக் கொடுத்த சான்றிதழில் செ. லட்சுமி. பான் அட்டை தந்தை பெயரைக் கேட்கும், இன்ஷியலை விரித்து எழுதச் சொல்லும். ஆக அங்கே முருகன் லட்சுமியோ லட்சுமி முருகனோ ஆகிவிடுவார். ஆதாரில் லட்சுமி செல்வம். ஆள் ஒன்று, பெயர் நாலு. கல்யாணத்தில் இன்ஷியல் மாறாத ஆணுக்கு இந்த வம்பே கிடையாது. சான்றளிப்பு நிறுவனத்தின் மென்பொருள் ஆதார்ப் பெயரையும் பான் பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பும். காரணத்தை ஆங்கிலத்தில் சொல்லும்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் ஆதார், பிறகு பான், கடைசியில் டோக்கன். ஆதாரில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதையே பிடித்துக்கொண்டு பானை அதற்கு ஒத்துவர மாற்றுவது சுலபம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றப் போனால் ஒன்றுக்கு ஒன்று ஆதாரம் கேட்டு நிற்கும்.

கூலி வேலைக் குடும்பத்திலிருந்து வருகிறவர்களில் பலரிடம் பான் அட்டையே இருக்காது. தேவைப்பட்டதில்லை. ஆதாரை வைத்து உடனடி மின்-பான் இலவசமாக எடுக்கலாம் என்று சொல்வார்கள். உண்மைதான், இரண்டு நிபந்தனையோடு: ஆதாரில் செல்போன் எண் இணைந்திருக்க வேண்டும், பிறந்த தேதி நாள்–மாதம்–வருஷமாக முழுசாக இருக்க வேண்டும். நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள் பலருக்கு ஆதாரில் பிறந்த வருஷம் மட்டும்தான் பதிவாகியிருக்கும். பிறப்புச் சான்றிதழும் கிடையாது, பள்ளி மாற்றுச் சான்றிதழும் கிடையாது. அங்கே உடனடி பான் நின்றுவிடும். ஆதார் மையத்துக்கு நேரில் போய்த் தேதியைத் திருத்திவிட்டுத்தான் மறுபடி வர வேண்டும்.

இந்த அலைச்சலுக்குக் கணக்குப் போட்டால்: கிராம ஊராட்சித் தலைவருக்கு மாத மதிப்பூதியம் 2,000 ரூபாய். 2024-25இல் நூறு நாள் வேலைக் கூலி நாளுக்கு 319. ஆறு நாள் கூலிக்கு மேல் கொஞ்சம்தான் வருகிறது. தாலுகா ஆபீசுக்கு ஒரு நாள், ஆதார் மையத்துக்கு ஒரு நாள், ஒன்றிய அலுவலகத்துக்கு இரண்டு நாள் என்று போனால் பஸ் காசு சேர்க்காமலே மதிப்பூதியத்தில் பாதிக்கு மேல் கூலியாகவே கரைந்துவிடும். காரும் ஆளும் உள்ள வீட்டுப் பெண்ணுக்கு இந்தக் கணக்கே எழாது. அவருக்காகப் போக நாலு பேர் இருப்பார்கள். அதுவே பிறகு வேறொரு சிக்கலாகும்.

ஓடிபி யார் போனுக்குப் போகிறது

எல்லாக் கோளாறுகளையும்விட இதுதான் பெரியது, யாரும் கோளாறாக எழுதாததும் இதுதான். விண்ணப்பத்தில் செல்போன் எண் என்ற கட்டத்தில் வீட்டுக்காரர் எண்ணையோ மகன் எண்ணையோ ஊராட்சி செயலர் எண்ணையோ போட்டுவிடுவது சகஜம். ‘அம்மாவுக்கு போன் பார்க்கத் தெரியாதுங்க’ என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் டோக்கன் சம்பந்தமான ஓடிபி, சான்றிதழ் புதுப்பிப்புச் செய்தி, பின் மாற்றும் வாய்ப்பு எல்லாம் அந்த எண்ணுக்குத்தான். மின்னஞ்சலும் அப்படியே, கணினி மையத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் தானாக ஒன்றை உருவாக்கிப் பாஸ்வேர்டைத் தானே வைத்துக்கொள்வான்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019-21இல் நடந்தது. அதன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் இணையத்தை ஒரு தடவையாவது பயன்படுத்தியவர்கள் பாதிக்கும் குறைவு. கிராமத்தில் இன்னும் குறைவு. அதே ஆண்டுகளில்தான் ஊராட்சிக் கணக்கு இணையத்துக்கு ஏறியது: இ-கிராம் ஸ்வராஜ் தொடங்கப்பட்டது 2020 ஏப்ரல் 24. அதாவது 2020 ஜனவரியில் பதவி ஏற்ற பெண்கள், செக் புத்தகத்தைப் பழகி முடிப்பதற்குள் அது போய்விட்டது.

இந்தச் சேவையில் ஒரே ஒரு படி மட்டும் வேறு யாராலும் செய்ய முடியாதது. சான்றிதழ் தரும் முன் வீடியோ சரிபார்ப்பு உண்டு. விண்ணப்பித்தவரே காமிரா முன் முகம் காட்டி, அசல் அட்டையைப் பிடித்து நிற்க வேண்டும். அந்த அரை நிமிஷத்துக்கு வீட்டுக்காரர் நிற்க முடியாது. டோக்கனின் முழு ஆயுளிலும் பிரசிடெண்டம்மாவின் முகம் தேவைப்படுவது அந்த அரை நிமிஷம்தான். அதோடு சரி. அதற்குப் பிறகு எட்டு எழுத்துப் பின் நம்பர் தெரிந்த எவரும் அவரேதான்.

ஆகவே, வீடியோ எடுக்கும் அதே நாளில் இரண்டு வேலையை முடித்துவிடுங்கள். சொந்தப் பெயரில் ஒரு சிம்; பட்டன் போனாக இருந்தாலும் பரவாயில்லை, ஓடிபி குறுஞ்செய்தியாகத்தான் வரும். இரண்டாவது, பின் மாற்றம். ஈபாஸ் போன்றவை 12345678 என்ற தொடக்கப் பின்னோடு வருகின்றன. அதை அப்படியே விட்டுவைத்திருக்கும் ஊராட்சிகள் குறைவில்லை. டோக்கனோடு வரும் மென்பொருளைத் திறந்து, பின் மாற்றும் இடத்தில் பழையதை ஒருதடவை, புதியதை இரண்டு தடவை தட்ட வேண்டும். தட்டுகிறவர் தலைவராக இருக்க வேண்டும். வீட்டுக்காரர் வண்டி நம்பர், பிள்ளை பிறந்த வருஷம் இதெல்லாம் வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தவை. தவறாகத் திரும்பத் திரும்பத் தட்டினால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். அப்புறம் விற்றவரிடம்தான் ஓட வேண்டும், சில சமயம் சான்றிதழே போய்விடும். ஒரு வாரம் தினம் ஒரு தடவை தட்டிப் பார்த்தால் விரலுக்குப் பழகிவிடும். ஏடிஎம் அட்டைக்குப் பழகியவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை.

பில் போடும் நாள்

வேலை நடக்கும் விதம் இப்படி. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் அந்தப் பணி முன்பே ஏறியிருக்க வேண்டும். ஏறாத பணிக்குக் காசு எடுக்க வழியில்லை. பொருள் கொடுத்தவரின் வங்கிக் கணக்கு பதிவாகியிருக்க வேண்டும். பிறகு வவுச்சர் தயாராகும். தலைவர் டோக்கனால் முதல் கையொப்பம், துணைத்தலைவர் டோக்கனால் இரண்டாவது கையொப்பம். இரண்டும் விழுந்த பிறகு பிஎஃப்எம்எஸ் வழியாகப் பணம் நேராகக் கடைக்காரர் கணக்குக்குப் போகும்.

பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 2021-22 முதல் 2025-26 வரை 60 விழுக்காடு கட்டுண்ட நிதி, குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும். மீதி 40 ஊரின் தேவைக்கு. அதிலும் சம்பளம், நிர்வாகச் செலவு எடுக்கக் கூடாது. தணிக்கையில் மாட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தெருவிளக்கு வாங்கிவிட்டுக் குடிநீர்த் தலைப்பில் வவுச்சர் போட்டிருப்பார்கள். தலைப்பைத் தேர்ந்தெடுத்தவர் கணினி ஆபரேட்டர், பதில் சொல்ல வேண்டியவர் தலைவர்.

திரை ஆங்கிலத்தில் இருக்கிறதே, அம்மாவுக்கு எப்படிப் புரியும் என்பது எல்லா ஊரிலும் சொல்லப்படும் சமாதானம். பாதிதான் உண்மை. பின் நம்பர் தட்டும் முன் பார்க்க வேண்டியது நாலே இடம்: யாருக்கு, கணக்கு எண்ணின் கடைசி நாலு இலக்கம், எவ்வளவு ரூபாய், எந்தத் தலைப்பு. நாலில் இரண்டு வெறும் எண். எண்ணுக்கு மொழி கிடையாது. கையிலிருக்கும் பில்லைப் பக்கத்தில் வைத்து, கடைக்காரரின் பாஸ்புக் நகலில் உள்ள கடைசி நாலு இலக்கத்தையும் தொகையையும் ஒத்துப்பார்க்க ஆங்கிலம் வேண்டாம். குழுக் கணக்கில் சந்தாவும் வட்டியும் கூட்டிப் பழகிய பெண்கள் இதைப் பட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

இங்கேதான் சுயஉதவிக் குழுவின் பலம் தெரிகிறது. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989இல் தருமபுரியில் தொடங்கின. ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் குழுவின் வங்கிக் கணக்கில் பணம் எடுக்க முடியும். தீர்மான நோட்டில் எழுதாமல் பணம் எடுக்கக் கூடாது. இரண்டு டோக்கன், ஒரு தீர்மானம் என்ற ஊராட்சி ஏற்பாடு அதே பழக்கத்தின் பெரிய அளவுதான். எட்டாம் வகுப்போடு நின்ற ஊக்குநர், பட்டம் படித்தும் வீட்டில் ஒரு கணக்கையும் பார்க்க விடப்படாத பெண்ணைவிட டோக்கனை நன்றாகக் கையாள்வார் என்பதே எங்கள் கணிப்பு.

2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் பாஷினி இயந்திர மொழிபெயர்ப்பை இ-கிராம் ஸ்வராஜோடு இணைத்துத் தமிழ் உட்பட 22 மொழிகளில் பார்க்கலாம் என்றார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இயந்திர மொழிபெயர்ப்பில் கணக்குச் சொற்கள் அலுவலகத்தில் பேசும் சொற்களாக வருவதில்லை. செயலர் சொல்லும் சொல் ஒன்று, திரையில் தெரிவது இன்னொன்று என்றால் மறுபடி செயலரிடம்தான் கேட்க வேண்டும்.

எந்திரக் கோளாறுகள்

டோக்கனைச் செருகியும் சான்றிதழ் திரையில் காட்டவில்லையென்றால் பெரும்பாலும் டிரைவர்தான் (டோக்கனைக் கணினிக்கு அடையாளம் காட்டும் மென்பொருள்) காரணம். ஈபாஸுக்கு ஒரு டிரைவர், ப்ராக்ஸ்கீக்கு வேறு டிரைவர்; தலைவர் டோக்கன் ஒரு கம்பெனி, துணைத்தலைவர் டோக்கன் வேறு கம்பெனி என்றால் இரண்டையும் நிறுவ வேண்டும். முடிந்தவரை இரண்டும் ஒரே கம்பெனியாக வாங்குங்கள். கையொப்ப மென்பொருள் பின்னணியில் ஓடாவிட்டாலும், கணினியின் தேதி தவறாக இருந்தாலும், வைரஸ் தடுப்பான் மறித்தாலும் இதே அறிகுறிதான்.

சான்றிதழ் புதுப்பித்தபின் கையொப்பம் ஏற்கவில்லையென்றால், புதுச் சான்றிதழைத் தளத்தில் மறுபடி பதிவு செய்யவில்லை என்று அர்த்தம். பழைய டோக்கனிலேயே புதுப்பித்தாலும் சான்றிதழ் புதியது. பதிவும் ஒப்புதலும் மறுபடி வேண்டும். பணம் திரும்பி வந்துவிட்டால் வங்கி இணைப்பில் மாறிப்போன ஐஎஃப்எஸ்சி எண்ணைப் பாருங்கள்.

ஊராட்சியில் நெட் சரியில்லை என்று டோக்கன்களை மொத்தமாக ஒன்றிய அலுவலகத்துக்கு எடுத்துப்போய் அங்கே கையொப்பம் போடுவதும் நடக்கிறது. ஒரு நாள் வசதி, அப்புறம் அதுவே வழக்கம். மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்டு போட்டு, ஊர் பெயர் எழுதிய காகிதம் சுற்றிய பத்துப் பதினைந்து டோக்கன்கள். காகிதத்தின் பின்பக்கம் பின் நம்பர்.

இரண்டாவது டோக்கன்

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 188ஆவது பிரிவுப்படி ஊராட்சி நிதிக்கான காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஒருவரே சுருட்டிவிடக் கூடாது என்று வைத்த நல்ல ஏற்பாடு. தலைவரை ஊர் முழுவதும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊரில், துணைத்தலைவர் பெரும்பாலும் நிலமும் உறுப்பினர் எண்ணிக்கையும் உள்ள சாதியிலிருந்து வருவார். தலைவர் அவர் வயலில் கூலிக்குப் போனவராகவும் இருக்கலாம். இப்போது அந்த இருவர் கையிலும் ஆளுக்கொரு டோக்கன். மென்பொருளுக்கு இரண்டும் சமம்.

கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் 2020இல் பட்டியல் சாதிப் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளிவந்து, துணைத்தலைவர் கைதானார். அதே ஆண்டு சுதந்திர தினத்தில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. சில நாளில் ஆட்சியர் வந்து நின்று ஏற்ற வைத்தார். நாற்காலியையும் கொடியையும் மறுத்தால் படம் எடுக்க முடியும். இரண்டாவது டோக்கன் ‘ஊரில் இல்லை’, ‘ரிப்பேர்’, ‘பின் மறந்துபோச்சு’ என்று மூன்று மாதம் கிடந்தால் அதை எப்படிப் படம் எடுப்பது? மோட்டார் ரிப்பேர் செய்தவருக்குக் காசு போகாது. அடுத்த தடவை அவர் வரமாட்டார். குடம் தூக்கி நிற்கும் பெண்கள் பிரசிடெண்டம்மாவைத்தான் திட்டுவார்கள்.

இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை என்று நாங்கள் சொல்வது இதைத்தான்: முதல் கையொப்பம் விழுந்தபின் இரண்டாவதற்கு இத்தனை நாள் என்ற கெடு கிடையாது, தாண்டினால் மேலே தானாகத் தெரிவிக்கும் மணியும் கிடையாது. வழி சட்டத்தில் இருக்கிறது. ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியர் 203ஆவது பிரிவின் கீழ் கையெழுத்து அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மாற்றிக் கொடுப்பதுண்டு. அதற்குத் தலைவர் எழுத்தில் ஆதாரம் வைக்க வேண்டும். வவுச்சர் எண், முதல் கையொப்பம் போட்ட தேதி, துணைத்தலைவருக்குக் கொடுத்த கடிதத்தின் நகல், மன்றத் தீர்மான எண், இந்த நாலும் இருந்தால் மனு நிற்கும். வாயால் சொன்னால் நிற்காது. மாற்றிக் கொடுத்தபின் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அதிகாரி இருவரின் கையெழுத்தையும் எடுத்துக்கொள்கிறாரா, துணைத்தலைவருடையதை மட்டுமா என்பதை உத்தரவில் படியுங்கள். மறித்தவருக்குத் தண்டனை என்ற பெயரில் மறிக்கப்பட்டவரின் அதிகாரமும் சேர்ந்து போய்விடக் கூடாது.

வசதியான வீட்டு டோக்கன்

மூன்றாவது மாதிரிக்கு வருவோம். பான் இருக்கிறது, ஆதார் சரி, லேப்டாப் வீட்டிலேயே, துணைத்தலைவர் சொந்தக்காரர். டோக்கன் ஒரு வாரத்தில் வந்துவிடும். பில் ஒன்றும் தேங்காது. சேவை சிறப்பாக இயங்குவதாகக் கணினி அறிக்கை காட்டும். டோக்கன் இருப்பது வீட்டுக்காரரின் கார் டாஷ்போர்டில். நிலமும் பணமும் கூடக்கூட அந்த வீட்டுப் பெண்ணுக்கும் டோக்கனுக்கும் இடையே தூரம் கூடுகிறது. கூலிக்குப் போன பெண்ணுக்காவது டோக்கன் எங்கே போயிற்று என்ற சண்டை இருக்கிறது.

ஒன்றிய அரசின் ஊராட்சித் துறை 2023இல் அமைத்த குழு, பெண் தலைவருக்குப் பதிலாக ஆண் உறவினர் ஆட்சி செய்வதற்குக் கடும் அபராதம் வேண்டுமென்று 2025 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. அபராதம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. டோக்கன் சம்பந்தமான ஓடிபியைப் பெண்ணின் ஆதாரில் உள்ள எண்ணுக்கு மட்டும் அனுப்பு என்று ஒரு வரி மாற்றினாலும் பாதி வேலை நடக்கும்.

கைக்கடக்கமான ஒரு பழக்கத்தைச் சொல்கிறோம், செலவு பத்து ரூபாய். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி டோக்கன் நோட்டு என்று பெயர் எழுதுங்கள். ஒவ்வொரு தடவை பின் தட்டியதும் தேதி, வவுச்சர் எண், யாருக்கு, எவ்வளவு. பக்கத்தில் பேனாவால் கையெழுத்து. டோக்கன் சுருக்குப்பையில், நோட்டு பீரோவில். மாதம் ஒரு தடவை தளத்தில் ஊர் பெயரைத் தேடிச் செலவுப் பட்டியலை எடுத்து நோட்டோடு ஒத்துப்பாருங்கள். அதற்கு உள்நுழைவு தேவையில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை போதும். நோட்டில் இல்லாத வரி தளத்தில் இருந்தால், பின் நம்பர் வேறு யாருக்கோ தெரியும். அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

மதிப்பெண்

பாதுகாப்புக்கு ஐந்துக்கு நாலு. விலை விற்பவருக்கு விற்பவர் மாறும், மூன்று கடை விசாரியுங்கள். மொழிக்கு இரண்டு. வாங்கும் நடைமுறைக்கு, ஆணுக்கு நாலு, பெண்ணுக்கு ஒன்றரை. அந்த இடைவெளியில் முக்கால்வாசி பெயரும் பிறந்த தேதியும். இரண்டாவது டோக்கன் ஏற்பாட்டுக்கு, ஊரைப் பொறுத்து ஐந்தோ பூஜ்யமோ.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, பதவி முடிந்தவர்களுக்கு. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 9,624 ஊராட்சிகளில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த மற்ற ஒன்பது மாவட்டங்களின் 2,901 ஊராட்சிகளுக்கு ஐந்து வருஷக் கணக்கு 2026 அக்டோபரில் வருகிறது. தளத்தில் தலைவர் கணக்கை மூடிவிடுவார்கள். ஆனால் தனிநபர் வகையில் வாங்கிய சான்றிதழ், பதவியோடு சேர்ந்து முடிவதில்லை. காலாவதித் தேதி வரை அது பான் எண்ணோடு கட்டிய உங்கள் சட்டப்படியான கையெழுத்து. டெண்டர், கம்பெனிப் பதிவு, வருமான வரி எதிலும் செல்லும். ஒன்றிய அலுவலக இழுப்பறையிலோ காண்டிராக்டர் மேசையிலோ அது கிடந்தால், பொறுப்பை ஒப்படைக்கும் அன்றே கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சான்றிதழ் தந்த நிறுவனத்துக்கு எழுதி ரத்து செய்யச் சொல்லுங்கள். ரத்தான செய்தி உங்கள் போனுக்கு வர வேண்டும். வரவில்லையென்றால், விண்ணப்பத்தில் இருந்தது யார் எண் என்று விசாரியுங்கள்.